போன் பக்கத்தில் ஒரு நோட்டு: கொங்கு நாட்டுச் சிறுதொழில்களின் இணையதளத்தை வாங்குபவர் கண்ணில் படவைக்கும் முழுமையான வழிகாட்டி

பவானி கூடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் கடை. அப்பாரு காலத்திலிருந்து ஜமக்காளம் விற்கிறோம். கடைக்கு இணையதளம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். தளம் வந்தது. எட்டு மாதம் கழிந்தும் அதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. அதே எட்டு மாதமும், விசைத்தறியில் ஓட்டிய வெளிமாநில விரிப்புகள் ‘பவானி ஜமக்காளம்’ என்ற பெயருடன் தேடலின் முதல் பக்கத்தில் இருந்தன. 2005-06இலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. அகலமான ஜமக்காளத்துக்கு இருவர் அருகருகே அமர்ந்து குழித்தறியில் நாள்கணக்கில் நெய்கிறார்கள். அவர்கள் ஊரின் பெயரில் இன்னொருவர் சரக்கு விற்பதைப் பார்த்த ஆற்றாமையில்தான் இந்த வேலையை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

சென்னிமலைப் போர்வை, திருப்பூர் பனியன், கோவை மோட்டார் பம்ப், ஈரோட்டு மஞ்சள், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை என நீங்கள் எதை விற்றாலும் கீழே உள்ள வழி பொருந்தும். போனில் வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ அதைத்தான் தேடல் பெட்டியிலும் தட்டுகிறார். அந்தக் கேள்விக்கு உங்கள் தளத்தில் ஒழுங்கான பதில் இருக்க வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அந்தப் பதிலை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான்.

படி 1: தளம் உங்களுடையதா, கூகுளுக்கு அது தெரியுமா?

முதலில் டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நம் பகுதியில் பல தொழில்களின் டொமைன், தளத்தைச் செய்துகொடுத்தவரின் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் புதுப்பிக்கக்கூட முடியாது. பதிவு, கடவுச்சொல், புதுப்பிப்பு நினைவூட்டல் மூன்றும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்படி மாற்றிய பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அடுத்து, கூகுள் தேடலில் ஆங்கில எழுத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். கூகுள் சேர்த்து வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். எனக்கு ஒன்றுமே வரவில்லை. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதன் அமைப்புகளில் ‘ரீடிங்’ என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் சிறு கட்டம் ஒன்று உண்டு. தளம் தயாராகும்வரை வெளியே தெரியக்கூடாது என்று அதில் டிக் போட்டவர், வேலை முடிந்த பிறகு எடுக்க மறந்துவிட்டார். எட்டு மாதம் வீணானது அந்த ஒரு டிக்கால்தான்.

பிறகு, உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைச் சேருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. தளம் உங்களுடையது என்று நிரூபிக்க, கூகுள் தரும் ஒரு வரியை டொமைன் வாங்கிய இடத்தின் அமைப்பில் ஒட்டினால் போதும். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பை (சைட்மேப்) சமர்ப்பியுங்கள். முக்கியமான நாலைந்து பக்கங்களை மட்டும் அங்கேயே தனித்தனியாகச் சோதித்து, சேர்க்கும்படி கோருங்கள்.

படி 2: ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கடைப் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. யார் போனை எடுத்தாலும், பேசியவர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். நமக்குப் பழக்கமான தொழில் சொல்லுக்கு மாற்றி எழுதக்கூடாது. எங்கள் நோட்டில் முதல் வாரம் விழுந்தவற்றில் சில:

“அண்ணா, நிச்சயதார்த்தத்துக்கு 20 பேர் உட்கார எந்த அளவு வாங்க வேண்டும்?”
“சீரில் வைக்க ஒன்று வேண்டும், பேர் போட்டுத் தருவீர்களா?”
“இது கைத்தறிதான் என்று எப்படி நம்புவது?”
“துவைத்தால் சாயம் போகுமா?”
“பெங்களூருக்கு அனுப்ப எத்தனை நாள் ஆகும்?”

தளத்தில் நாங்கள் எழுதியிருந்தது, ‘பாரம்பரியமும் தரமும் இணைந்த உன்னதப் படைப்புகள்’. இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட யாரும் போனில் கேட்டதில்லை, தேடலில் தட்டப் போவதும் இல்லை.

மற்ற தொழில்களிலும் இதே கதைதான். கோவையில் பம்ப் விற்பவர் தன் தளத்தில் விருதுகளை அடுக்குகிறார். உடுமலையிலோ தாராபுரத்திலோ உள்ள விவசாயிக்குத் தெரிய வேண்டியது, “கிணறு 80 அடி, இரண்டு இஞ்ச் பைப், எத்தனை எச்பி போட வேண்டும்?” திருப்பூரில் ஒருவர் ‘உலகத்தரப் பின்னலாடைத் தீர்வுகள்’ என்று எழுதி வைக்கிறார். வாங்குபவர் தட்டுவது, ‘180 ஜிஎஸ்எம் பருத்தி டி-ஷர்ட் மொத்த விலை, 50 பீஸ் கிடைக்குமா’. நாட்டுச் சர்க்கரை தேடும் இல்லத்தரசிக்கு, கலப்படம் இல்லாததை எப்படி அடையாளம் காண்பது என்பதே கேள்வி.

மாத முடிவில் ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூகுள் தேடல் பெட்டியில் முதல் இரண்டு சொல்லைத் தட்டி, கீழே அது தானாக நீட்டிக் காட்டும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகளுக்கு நடுவே வரும் ‘மக்கள் கேட்கும் பிற கேள்விகள்’ பகுதியையும் பாருங்கள். கூகுள் டிரெண்ட்ஸ் எந்த மாதத்தில் தேடல் கூடுகிறது என்று காட்டும். விளம்பரக் கணக்கு திறந்தால் கீவேர்ட் பிளானரில் தேடல் அளவு தோராயமாகத் தெரியும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆள்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் அதிகம் தட்டுகிறார்கள். ஜமக்காளம் என்ற சொல்லில் ‘கே’ என்ற எழுத்தை ஒருவர் ஒரு முறை போடுகிறார், இன்னொருவர் இரண்டு முறை. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் தனிப் பக்கம் போட வேண்டாம். கூகுள் அவற்றை ஓரளவு ஒன்றாகவே புரிந்துகொள்கிறது. பக்கத்தில் இரண்டு வடிவங்கள் இயல்பாக வந்தால் போதும்.

படி 3: ஒரு கேள்விக் கூட்டத்துக்கு ஒரு பக்கம்

எங்கள் ஜமக்காளப் பக்கத்தை மாற்றியதை அப்படியே காட்டுகிறேன். முன்பு தேடல் முடிவில் நீலத்தில் தெரியும் தலைப்பு ‘முகப்பு’ என்று இருந்தது. இப்போது: ‘பவானி கைத்தறி ஜமக்காளம்: அளவு, விலை, கல்யாணத்துக்கு மொத்த ஆர்டர்’. அதன் கீழே வரும் இரண்டு வரிக் குறிப்பில் எத்தனை அளவுகள் இருக்கின்றன, எங்கெல்லாம் அனுப்புகிறோம் என்று எழுதினோம்.

பக்கத்தின் முதல் பத்தியே பதிலில் தொடங்குகிறது. சப்பணமிட்டு உட்கார ஒருவருக்கு இரண்டரை அடி அகலம் என்று வைத்தால், 10 அடி நீள ஜமக்காளத்தில் ஒரு வரிசைக்கு நால்வர் உட்காரலாம். 20 பேருக்கு அப்படி ஐந்து வரிசை தேவை. இந்தக் கணக்கைக் கடையில் அப்பா வாயால் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார், எழுத்தில்தான் எங்கும் இல்லை. அடுத்து விலை. விலையைத் தளத்தில் போட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயம் நம் ஊர் வியாபாரிகளிடம் ஆழமாக இருக்கிறது. போட்டியாளர் ஏற்கெனவே ஆள் விட்டு விலை கேட்டிருப்பார். விலை தெரியாமல் பின்வாங்கிப் போகிறவர் வாங்க வந்தவர். சரியான தொகை போட மனம் வராவிட்டால், இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றாவது எழுதுங்கள்.

மூன்றாவதாக, கைத்தறி என்று எப்படி நம்புவது என்ற கேள்வி. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, புவிசார் குறியீடு ஆகியவற்றின் பொருளை விளக்கி, தறியில் எடுத்த ஐந்து படங்களை வைத்தோம். ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள் என்பதையும் சேர்த்தோம். விசைத்தறிச் சரக்கைப் பவானிப் பெயரில் விற்பவரால் இந்தப் பத்தியை எழுத முடியாது. இப்போது தேடல் முடிவின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு சுருக்கமான பதிலைத் தந்துவிடுகிறது. எல்லோரும் எழுதும் பொதுச் செய்தியை எழுதினால் அந்தச் சுருக்கத்தோடு வாசகர் நின்றுவிடுவார். உங்கள் தறி, உங்கள் அளவு, உங்கள் விலை, உங்கள் படம் ஆகியவற்றுக்காகத்தான் உள்ளே வருவார்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தமிழ் எழுத்து, எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது முறையான யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததும், நோட்டீஸைப் படமாக ஒட்டியதும் தேடலுக்கு உதவாது. படத்துக்குக் கேமரா தந்த எண்ணையே பெயராக விடாமல், பொருளின் பெயரைக் கொடுத்து, மாற்று உரையில் (படத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் இடம்) ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கங்களாக வையுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததை யாராவது படித்துத் திருத்தாமல் வெளியிடாதீர்கள். பக்கத்தின் பின்னணியில் தேடல் சொற்களை அடுக்கும் ‘கீவேர்ட் மெட்டா டேக்’கை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

படி 4: வேகமும் கைப்பேசியும்

கூகுள் இப்போது உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் படித்து மதிப்பிடுகிறது. 2016இல் அறிவித்த இந்த மாற்றம் 2023இல் நிறைவடைந்தது. எனவே கணினியில் அழகாகத் தெரிவது போதாது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசச் சோதனையில் முகவரியைக் கொடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்துவிட்டால் நல்லது. நம் தளங்கள் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கைப்பேசியில் எடுத்த 4, 5 எம்பி படங்களை அப்படியே ஏற்றிவிடுகிறோம். அகலத்தைக் குறைத்து, கோப்பின் அளவைச் சுருக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். தள முகவரி, பாதுகாப்பான இணைப்பைக் குறிக்கும் ‘எச்டிடிபிஎஸ்’ (https) என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

படி 5: கூகுள் வரைபடத்தில் உங்கள் கடை

‘பக்கத்தில் உள்ள’ என்று தேடுபவருக்கு இணையதளத்துக்கு முன்பே வரைபடம்தான் தெரிகிறது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். “உங்கள் கடையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம், பணம் கட்டுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். உரிமையைச் சரிபார்க்கப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். பெயர்ப் பலகை, தெரு, கடையின் உட்புறம் மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரியும்படி எடுங்கள்.

கடைப் பெயரோடு ‘சிறந்த’, ‘மலிவான’, ‘மொத்த விலை’ என்று ஒட்டவைக்காதீர்கள். அது விதிமீறல், பக்கமே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயர்தான் அங்கும் இருக்க வேண்டும். வார விடுமுறையையும் தைப்பொங்கல், மாரியம்மன் நோம்பி நாள்களையும் சரியாகக் குறியுங்கள். சேலத்திலிருந்து வண்டி எடுத்து வந்த ஒரு குடும்பம் எங்கள் கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இதைச் சரிபார்க்கிறோம்.

பொருள் வாங்கி மனம் நிறைந்து போகிறவரிடம் மதிப்புரை கேளுங்கள்; அதற்கான இணைப்பை வாட்ஸ்அப்பில் அப்போதே அனுப்பிவிடுங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லிக் கேட்கக்கூடாது, கூகுள் அதைத் தடை செய்கிறது. குறை சொல்லி எழுதியவருக்கு முதலில் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் படிப்பார்.

படி 6: இணைப்புகள்

மற்ற தளங்கள் உங்களுக்கு இணைப்புக் கொடுப்பது இன்றும் மதிப்புள்ளது. ஆனால் விலைக்கு வாங்காதீர்கள். 2012இல் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றமே இப்படிப்பட்ட இணைப்புகளைக் குறிவைத்ததுதான். தொழிற்சங்கத் தளம், உங்களிடம் வாங்கும் கடைகளின் தளம், படிப்புக்காகத் தறியைப் பார்க்க வரும் கல்லூரிகள், உள்ளூர்ச் செய்தித்தளங்கள் போதும். முதல் இடம் உறுதி என்று ஒப்பந்தம் போட வருபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்பது கூகுளே எழுதி வைத்திருக்கும் வாசகம்.

படி 7: சமூக ஊடகம்

2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் மட்டும் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் இழந்தார்கள். ஆகவே எந்த ஊடகத்தில் கூட்டம் சேர்ந்தாலும், அவர்களைத் தளத்துக்கோ உங்கள் போன் எண்ணுக்கோ கொண்டுவந்து சேர்ப்பதே இந்தப் படியின் நோக்கம்.

எல்லாவற்றிலும் கணக்கு வைத்தால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. நம் பக்கத்துக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் வாட்ஸ்அப், அடுத்து யூடியூப், பிறகு இன்ஸ்டாகிராம்.

வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல், கடை நேரம், உடனடிப் பதில்கள் ஆகியவற்றை அமையுங்கள். நோட்டில் உள்ள பத்துக் கேள்விகளுக்குத் தளத்தில் எழுதிய பதில்களின் சுருக்கமும் இணைப்பும் உடனடிப் பதில்களாக இருக்கட்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். தினமும் ‘காலை வணக்கம்’ அனுப்பினால் தடுத்துவிடுவார்கள். மாதம் இரண்டு செய்தி, புதிய நிறம் வந்தபோது ஒன்று, முகூர்த்த மாதத்துக்கு முன்னால் ஒன்று, போதும்.

யூடியூபும் ஒரு தேடுபொறிதான். அதில் போட்ட வீடியோ ஆண்டுகள் கழித்தும் தேடலில் வரும். ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி. தலைப்பில் அந்தக் கேள்வியே இருக்கட்டும். விளக்கத்தின் முதல் வரியில் தளப் பக்கத்தின் இணைப்பு. வெளியூர் மொத்த வியாபாரிகள் பலர் எங்களை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் எடுக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். எங்களுடைய ரீல்களில் அதிகம் பேர் பார்த்தது 22 வினாடிதான். ஜன்னல் பக்கம் தறி, காலை எட்டரை மணி வெளிச்சம். ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மா சிவப்பு நூல் நாடாவைத் தள்ளுகிறார், மறுபக்கம் அவர் கணவர் வாங்கித் திருப்பி விடுகிறார், பலகை ‘டக்’ என்று இறங்குகிறது. பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. தறிச் சத்தமே போதுமாக இருந்தது, பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. எடுக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேட்டோம், எடுத்ததைக் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே வெளியிட்டோம். அடுத்த வாரமே சீருக்கு ஆர்டர் கொடுத்தவர்கள், “அந்த அம்மா நெய்தது வேண்டும்” என்று கேட்டார்கள். பதிவின் விளக்கத்தில் ஒட்டும் முகவரியை இன்ஸ்டாகிராமில் அழுத்த முடியாது. சுயவிவரத்தில்தான் தள இணைப்பைக் கொடுக்க வேண்டும்.

படி 8: காசு கொடுத்து விளம்பரம்

மேலே சொன்ன பக்கங்கள் தயாராகாமல் இதில் இறங்க வேண்டாம். விளம்பரத்தை அழுத்தி உள்ளே வந்தவர் ‘முகப்பு’ என்ற வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் திரும்பிவிடுவார், பணம் மட்டும் கழிந்துவிடும்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒருவர் அழுத்தினால்தான் கட்டணம். தொடங்கும்போது மூன்று அமைப்புகளைக் கட்டாயம் மாற்றுங்கள். தேடலோடு சேர்த்துப் பிற தளங்களிலும் காட்டும் காட்சி வலைப்பின்னலை நிறுத்துங்கள். இடத்தைப் பொறுத்தவரை, அந்த ஊர்மீது ஆர்வம் உள்ளவர்களையும் சேர்க்கும் இயல்பு அமைப்பை மாற்றி, அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். சொற்களை, தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் காட்டும் விரிந்த பொருத்தத்தில் விடாமல், நீங்கள் கொடுத்த சொற்றொடரின் பொருள் வரும் தேடலுக்குக் காட்டும் சொற்றொடர்ப் பொருத்தத்தில் வையுங்கள். ‘இலவசம்’, ‘வேலைவாய்ப்பு’, ‘பழையது’ போன்றவற்றை விலக்குச் சொற்களாக (இவை உள்ள தேடலுக்கு விளம்பரம் வராது) சேருங்கள்.

கணக்கு இப்படி. நாளுக்கு ரூ.300 வீதம் 14 நாள் என்றால் ரூ.4,200; 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.756, மொத்தம் ரூ.4,956. அதில் 12 பேர் விசாரித்து 3 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசாரணைக்கு ரூ.413, ஓர் ஆர்டருக்கு ரூ.1,652. ஒற்றை ஜமக்காளம் விற்றால் இது நட்டம். மண்டபத்துக்கு நாற்பது எடுக்கும் ஆர்டர் என்றால் தாராளமாகத் தொடரலாம். அதனால்தான் நாங்கள் ‘மொத்த விலை’, ‘கல்யாண மண்டபம்’ என்ற சொற்கள் சேர்ந்த தேடலுக்கு மட்டும் விளம்பரம் கொடுக்கிறோம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பதிவின் கீழே உள்ள ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவது எளிது. ஆனால் அதில் கட்டுப்பாடு குறைவு. ‘ஆட்ஸ் மேனேஜர்’ என்ற விளம்பரக் கருவிக்குள் போய், அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக ஓடிய பழைய ரீலையே விளம்பரமாக்கினால் போதும், புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

படி 9: அளந்து பாருங்கள்

சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைக் காட்டும். நான் மாதம் ஒரு முறை இரண்டு விஷயங்களை மட்டும் பார்க்கிறேன். பலமுறை தெரிந்தும் யாரும் அழுத்தாத பக்கம் எது? அதன் தலைப்பை மாற்றுகிறேன். எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவே நிற்கும் தேடல் எது? அந்தப் பக்கத்தில் ஒரு படம், ஒரு கணக்கு, ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்க்கிறேன். இவற்றோடு, போனில் பேசுபவரிடம் “எங்களை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டு, நோட்டில் அவர் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுதுகிறோம். எந்தக் கருவியும் இந்த அளவுக்குத் துல்லியமாகச் சொன்னதில்லை.

பொறுமை வேண்டும். தேடலில் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு ஆறாவது மாதம்தான் போன் கூடத் தொடங்கியது. இந்தக் காலக்கணக்கை நம் முகூர்த்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். தை மாத முகூர்த்தத்துக்கு உரிய பக்கம் புரட்டாசிக்குள் தளத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் கூட்டம் இல்லை. நாங்கள் எழுதுவதும் படம் எடுப்பதும் அந்த மாதத்தில்தான்.

இந்த மாதம் நோட்டில் ஏழு முறை விழுந்திருக்கும் கேள்வி, ‘ஜமக்காளத்தை வாஷிங் மெஷினில் போடலாமா?’ தளத்தில் இதற்கு இன்னும் பக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழையது ஒன்றை அம்மா துவைகல்லிலும், புதியது ஒன்றை நான் மெஷினிலும் போட்டுப் படம் எடுக்கிறோம். இரண்டும் காய்ந்த பிறகு பார்த்ததைப் பார்த்தபடி எழுதி ஏற்றிவிடுவேன்.